ஒரு கையகலப் பச்சை

இஸிக்குல் ஏரியின் மேல் வெளிச்சம் விழுமுன்பே சுரண்டத் தொடங்கியிருந்தேன். ஏப்ரல் குளிரில் சுரண்டியின் இரும்புப் பிடி விரல்களோடு ஒட்டிக்கொண்டது.

படகு கொட்டகைக்குள் மரக்கட்டைகள் மேல் நின்றது. எஞ்சின் அதன் வயிற்றுக்குள் இருக்கும். பின்பலகைக்கு வெளியே, சுழலியைத் தாங்கித் தொங்கும் அலுமினிய உறுப்பைத்தான் எங்கள் கரையில் 'கால்' என்போம். அதன் பழைய பெயிண்ட்டை உரிக்க வேண்டும். உரிக்கும் மருந்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பெயிண்ட் வெந்த தோல்போலக் கொப்பளிக்கும். சுரண்டி எடுத்து, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி, கடைசியில் உப்புத்தாள். கையுறையின் கிழிசல் வழியாக ஒரு சொட்டு மருந்து உள்ளே போனது. வாளித் தண்ணீரில் கையை முக்கினேன். எரிச்சல் எலும்புவரை இறங்கியது.

"விடியறதுக்குள்ள முடிச்சிடு, அசனாலி. தனியா வா," என்று முந்தின நாள் சாயங்காலம் தாலாய்பெக் சொல்லியிருந்தார். கொட்டகை அவருடையது. "வெறும் உலோகம் தெரியணும். மதியம் ஓட்டல்காரர் படகைப் பாக்க வர்றாரு."

"நான், புருல் அக்கா, கென்னாதி மூணு பேரும் சேந்தா சீக்கிரம் முடியுமே, அண்ணே."

"சேர வேணாம். புருல் உன்னைப் பத்திச் சொன்னது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"என்ன சொன்னாங்க?"

"விடு. நான் நம்பல." தோளில் தட்டிவிட்டுப் போனார்.

போன வசந்தத்தில் இந்தக் காலுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் நாங்கள். இலையுதிர் காலத்திலேயே அலுமினியம் குழிகுழியாக அரித்துப்போனது. படகுக்குச் சொந்தமான ஓட்டல் காரணம் கேட்டது. அரிப்பைத் தடுக்க முதலில் பூசவேண்டிய பிரைமர் டப்பாவைப் புருல் அக்கா விற்றுவிட்டு, வெறும் உலோகத்தின் மேலேயே மேல்பெயிண்ட்டை அடித்துவிட்டாள் என்று தாலாய்பெக் கொட்டகையில் ஒரு பேச்சைக் கிளப்பினார். இன்று மதியம் ஓட்டல்காரர் முன்னால் அவளைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பப்போகிறார். அந்தப் பெயரோடு போகிறவளை இந்த வடகரையில் எந்தக் கொட்டகையும் சேர்க்காது.

பிரைமர் அடித்த நாளில் நானும் மெக்கானிக் கென்னாதியும் வேறொரு படகின் அடியில் கிடந்தோம். அவள் மட்டும்தான் இங்கே இருந்தாள். அதனால் நானும் பாதி நம்பினேன். அந்த இலையுதிர் காலத்தில் அவள் புது பூட்ஸ் வாங்கியிருந்தாள். சந்தேகம் வந்த கண்ணுக்குப் பூட்ஸ்கூடச் சாட்சி சொல்லும். பெயிண்ட் நெடியில் நான் இருமியபோது, கொட்டகையில் இருந்த ஒரே முகமூடியைக் கழற்றி என் முகத்தில் கட்டிவிட்டவளும் அவள்தான். அதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறக்கப் பார்த்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் உரிந்து விழுந்ததெல்லாம் சேறுபோல ஒரே நிறமாகத் தெரிந்தது. சூரியன் மலைமுகட்டைத் தாண்டியபோது, காலின் இடப்புறம் ஒரு கையகலம்தான் மிச்சம். அதில் முதல் இழுப்பு இழுத்தேன். கறுப்பு உரிந்தது. அடியில் சிவப்பு. அது தாலாய்பெக்கே கொண்டுவந்த டப்பா. இரும்புக் கப்பலுக்கு அடிக்கிற, செம்பு கலந்த மலிவுப் பெயிண்ட். அலுமினியத்துக்குச் செம்பு விஷம் என்று கென்னாதி அன்றே முணுமுணுத்தான். சிவப்பையும் மெல்ல நெம்பினேன்.

அதன் அடியில் மஞ்சள் கலந்த பச்சை இருந்தது. பிரைமர். ஓர் இடம் விடாமல் சீராக அடித்த பிரைமர்.

என்னை ஏன் தனியாக வரச் சொன்னார், ஏன் இருட்டில் வரச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னும் இரண்டு இழுப்பில் அந்தப் பச்சைச் சாட்சி அழிந்துவிடும். வேலை எனக்கு, பழி அவளுக்கு. சுரண்டி கையில் இருந்தது. இறைவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்லப்பிள்ளை முன்னாடியே வந்தாச்சா?" வாசலில் கென்னாதி, கக்கத்தில் தேநீர்க் குடுவையுடன். "என்னைப் போட்டுக்குடுத்ததுக்கு என்ன குடுத்தாரு?"

"நானா? என்னைத்தான் அக்கா போட்டுக்குடுத்தாங்களாம்."

"யார் சொன்னா?"

"தாலாய் அண்ணே."

"எங்கிட்ட உன் பேரைச் சொன்னாரு. பிரைமரை வித்துக் குடிச்சிட்டேன்னு நீ சொன்னியாம்." குடுவையைக் கீழே வைத்தான். "நான் குடிக்கிறது ஊருக்கே தெரியும். அதுக்குத் திருடுனதில்லைன்னும் ஊருக்கே தெரியும்."

புருல் அக்கா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "என்னைப் போட்டுக்குடுத்தது நீன்னு எங்கிட்டச் சொன்னாரு, கென்னாதி," என்றாள். "பனி உருகுனதுலேர்ந்து உன் முகத்துல நான் முழிக்கல. அதான்."

அந்தப் பச்சையைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். "ரெண்டு பூச்சு. பிஸ்மில்லா சொல்லித்தான் அடிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் நம்புனியா?"

"நம்புனேன், அக்கா."

அவள் துணி முடிச்சை அவிழ்த்து வட்ட ரொட்டியைப் பிய்த்தாள். முதல் துண்டை என்னிடம் நீட்டினாள். "விடியலேர்ந்து வெறும் வயித்துல மருந்தை மோந்துட்டிருந்திருப்பே. தின்னு."

கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கித் தின்றேன்.

தாலாய்பெக்கின் கார் சரளைக்கல்லில் வந்து நின்றது. எங்கள் மூவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது.

"தனியாத்தானே வரச் சொன்னேன்?"

"தனியாத்தான் வந்தேன், அண்ணே. அடியில பிரைமர் இருக்கு."

"அது பழைய கறை. சுரண்டு."

"கறை இவ்வளவு ஒழுங்காவா படியும்?" என்றான் கென்னாதி. "உங்க செவப்பு டப்பாதான் காலைத் தின்னிருக்கு."

"உன்னைக் கேக்கல. அசனாலி, சுரண்டு. இல்லன்னா நாளைக்கு இங்க வேற ஆள் நிப்பான்."

சுரண்டியை அவர் காலடியில் வைத்தேன். கென்னாதி தன் ஸ்பேனரை அதன் பக்கத்தில் வைத்தான்.

புருல் அக்கா இன்னொரு ரொட்டித் துண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவரிடம் போனாள். அவள் குரல் உயரவில்லை. "வாயில வைங்க, அண்ணே. வெச்சிட்டு, புருல் டப்பாவை வித்தான்னு சொல்லுங்க. பொய்யா இருந்தா ரொட்டி என்னை அடிக்கட்டும்னும் சேத்துச் சொல்லுங்க. நான் மூட்டையைக் கட்டிடறேன்."

எங்கள் மண்ணில் நீட்டிய ரொட்டியை யாரும் தட்டுவதில்லை; ரொட்டியை வாயில் வைத்துப் பொய்ச் சத்தியம் செய்வதுமில்லை. பகையாளி வீட்டு வாசலிலும், ஓடுகிற அவசரத்திலும் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுவிட்டுத்தான் போவோம். தாலாய்பெக்கின் கை பாதிவரை உயர்ந்தது. அவர் ரொட்டியைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார். கை இறங்கியது.

"வேலை நேரத்துல நாடகம்," என்றார். "ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன். அரை மணியில அந்தக் கறை அங்க இருக்காது." ரொட்டியைத் தொடாமலே காரில் ஏறினார்.

கென்னாதி நீளமாக மூச்சுவிட்டான். "நான் ரஷ்யன். எனக்கே நெஞ்சு பதறுது."

"நீ போய்ப் பக்கத்துக் கொட்டகைங்கள்ல சொல்லு," என்றாள் அக்கா. "சண்டைக்கு இல்ல. வந்து பாத்துட்டு மதியம்வரைக்கும் கூட நிக்கச் சொல்லு. நாளைக்கு அவங்க கொட்டகையிலயும் இதேதான்."

அவன் ஓடினான். அக்கா மாஸ்கிங் டேப்பை எடுத்து, தூரிகை படக்கூடாத இடத்துக்கு ஒட்டுவதுபோல, அந்தக் கையகலப் பச்சையைச் சுற்றி நான்கு பக்கமும் நேராக ஒட்டினாள். நான் படகுக்கு முதுகு கொடுத்து நின்றேன். அவர் யாரை அழைத்து வருவார், அவர்கள் எங்களைவிடப் பசித்தவர்களா என்று தெரியாது. ஓட்டல்காரர் யாரை நம்புவார் என்பதும் தெரியாது.

தாலாய்பெக் தொடாத துண்டை அக்கா கவிழ்ந்துவிடாமல் மேல்புறம் மேலே இருக்கும்படி துணியில் வைத்து மூடினாள்.

"அது யாருக்கு, அக்கா?"

"அவருக்குத்தான். திரும்பி வருவாரில்ல."

மற்றதை வருகிறவர்களுக்காகச் சிறுசிறு துண்டுகளாகப் பிய்க்கத் தொடங்கினாள். சரளையில் காலடிச் சத்தம் கேட்டது. அடுத்த கொட்டகைத் தச்சர், கையில் உளியோடு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். கொஞ்சம் தள்ளி, முக்காட்டை இழுத்துக் கட்டியபடி இன்னொருத்தி.