பின்படிக்கட்டு

டிரைவர் சீட்டுக்கு ஏறும் சின்னக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கண்டக்டர் விசில் ஐந்து நிமிடமாகக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் பேருந்திலேயே குடியிருந்தும் இந்தக் கதவு வழியாக ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை வேர்த்துக் கைப்பிடி வழுக்கியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். மறுபடி வேர்த்தது.

"ஏறு விசிலு. வண்டி ஒண்ணும் கடிக்காது," என்றார் உள்ளேயிருந்து டிரைவர்.

விசில் என்பது டிப்போவில் வைத்த பெயர். மற்ற கண்டக்டர்கள் ஊதினால் அது சத்தம், இவர் ஊதினால் அதட்டல். தெருமுனையில் நிற்கிற சைக்கிள்காரன்கூடக் காலை எடுத்து மிதியில் வைத்துவிடுவான். டிரைவர் என்பவர் அவருடைய டிரைவர். பதினோரு வருடமாக இருவரும் ஒரே தடம், ஒரே ஷிப்ட். அந்தப் பதினோரு வருடத்தில் விசில் அவருடைய முகத்தைப் பார்த்ததைவிடப் பிடரியைப் பார்த்ததுதான் அதிகம். முடி வெட்டிக்கொண்டது, வெயிலில் கொப்புளம் வந்தது, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தது எல்லாம் அவருக்குப் பிடரியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் டிப்போ பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். டிக்கெட் கொடுக்க மெஷின் வருகிறது, இனி வண்டிக்கு டிரைவர் ஒருவரே போதும். தொண்ணூறு நாளுக்குள் பேருந்து ஓட்டும் பரீட்சையில் தேறுகிற கண்டக்டர்கள் டிரைவராகலாம், தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். 'போகலாம்' என்றுதான் எழுதியிருந்தது, ஏதோ சலுகை கொடுப்பதைப் போல. பின்கதவு தானாக மூடிக்கொள்ளும் புது வண்டிகளும் வரும் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். எப்போது என்று போடவில்லை. கற்றுக்கொடுக்கத் தனியாக ஆள் எதற்கு என்று மேனேஜர் யோசித்து, அந்தந்தக் கண்டக்டருக்கு அந்தந்த டிரைவரே வாத்தியார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாற்பத்தெட்டு வயதில் வெளியே போய் என்ன செய்வது? விசிலுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகிற வண்டியில் ஆடாமல் நிற்பது. அந்த வித்தைக்கு வெளியே எங்கேயும் வேலை கிடையாது. கார் லைசென்ஸ் என்று ஒன்று பர்ஸில் இருந்தது உண்மைதான். ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலாலேயே எல்லாவற்றையும் மிதித்து, இவரைச் சும்மா ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தது அது. அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு தெருவைக்கூடக் கடந்ததில்லை.

ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் சங்கடம். வண்டி நகர்ந்தால் நின்றுதான் பழக்கம். இன்ஜின் உறுமத் தொடங்கியதும் இரண்டு காலும் தாமாகவே அகன்று தரையில் ஊன்றிக்கொண்டன. கிளட்ச் எங்கே, பிரேக் எங்கே என்று தேடுவதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்து போனது. டிரைவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும் என்று விசிலுக்குத் தோன்றியது.

டிப்போவுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஆலை வளாகத்தில் மூன்று வாரம் சுற்றினார்கள். பிறகு மத்தியானத்தில், நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து, தங்கள் தடத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எந்தத் திருப்பம் எங்கே என்று. அந்த நம்பிக்கையில்தான் விசில் கிளம்பினார். முதல் சிக்னல் தாண்டியதும் நம்பிக்கை கழன்று விழுந்தது. இருபத்திரண்டு வருடம் ஜனங்களைப் பார்த்து, அதாவது பின்னால் பார்த்தபடியே அந்தத் தடத்தில் போனவர் அவர். வலது கைப்பக்கம் வர வேண்டிய மருந்துக்கடை இடது கைப்பக்கம் வந்தது. விலகிப் போய்ச் சிறுத்துப் பழகிய கட்டடங்கள் எல்லாம் எதிரே பெருத்துக்கொண்டே வந்தன. தன் ஊர் என்று அவர் நினைத்திருந்தது முழுக்க முதுகுப் பக்கமாகத் தெரிந்த ஊர்.

திருப்பம்தான் உயிரை எடுத்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தது முன்சக்கரம். அதனால் மூலையைத் தாண்டி, எதிரே வருகிற வண்டிகளின் மேலேயே தலையை நீட்டுவது போலப் போய், அதற்கப்புறம்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு லாரியோ காரோ தன் முழங்காலுக்குள் புகுந்துவிடும் போலிருக்கும். வீட்டுக்குப் போனால் பாதிச் சோற்றில் கை நின்றுவிடும். பயம் என்று வெளியே சொல்லவும் முடியவில்லை. பயணிகளை அதட்டியே பேர் வாங்கியவர் எந்த வாயால் அதைச் சொல்வார்?

ஆனாலும் அதெல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டுக்கொண்டுதான் வந்தது. ஆறாவது வாரம் டிரைவர் சொன்னார், "இனிமே ஸ்டாப்பிங் பழகலாம். ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிறுத்தி எடு." விசில் முதல் நிறுத்தத்தில் ஓரங்கட்டினார். காலி வண்டி, காலி நிறுத்தம், ஈ காக்கா இல்லை.

"எடு."

எடுக்கவில்லை.

"எடுன்றேன்ல?"

"யாரும் ஏறலைன்னு எப்பிடித் தெரியும்ணே?"

"கண்ணாடி எதுக்கு இருக்கு?"

விசில் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நீளமான தகரப் பக்கவாட்டு தெரிந்தது. கொஞ்சம் நடைபாதை, ஒரு மரத்தின் பாதி. பின்கதவின் விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கழுத்தை நீட்டினார், தலையைச் சாய்த்தார். அந்தக் கோடு கோடாகவே இருந்தது.

"படி தெரியலையே."

"தெரியாதுதான். பெரிய வண்டி. கண்ணாடிய எப்பிடித் திருப்பினாலும் ஏதாவது ஒண்ணு மறையும்."

"அப்ப நீங்க எப்பிடிப் பாப்பீங்க?"

டிரைவர் அவரை விநோதமாகப் பார்த்தார். "நான் எதுக்குப் பாக்கணும்? அதான் நீ ஊதுறியே."

விசில் வாயைத் திறந்தார். கூட்ட நேரத்தில் வண்டியின் நடுவில், நாலு பக்கமும் ஆட்கள் நெருக்க, ஒரு கையில் டிக்கெட்டும் ஒரு கையில் சில்லறையுமாக நின்றுகொண்டு, வாயிலேயே இருக்கிற விசிலை அவர் ஊதுவார். பின்வாசலைப் பார்த்துத்தான் ஊதினாரா? பாதி நேரம் அங்கே தலைகள்தான் தெரியும், படி தெரியாது. வண்டி நின்றது, கொஞ்சம் குலுங்கியது, ஏறியிருப்பார்கள் என்று ஒரு கணக்கு. மிச்சத்தை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

"நீங்க பாப்பீங்கன்னுதான்ணே நான் ஊதினேன்," என்றார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் பிடரிதான் தெரிந்தது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தத் தடவை விசிலால் படிக்க முடியவில்லை. ஒரு நடைக்கு முப்பத்து நாலு நிறுத்தம், நாளைக்கு எட்டு நடை. பதினோரு வருடத்துக்கு மனசு தானாகவே பெருக்கிக்கொண்டு போனது. ஒன்பது லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒன்பது லட்சம் தடவை இருவரும் சேர்ந்து அந்தப் படியைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

டிரைவர் சொன்னார், "ஒண்ணும் ஆகலையே விடு."

"ஆகலைன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"



மறுநாள் காலை டூட்டியில் விசில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்வாசல் வரை போனார். கீழே எட்டிப் பார்த்தார். கடைசி ஆளின் கடைசிக் கால் உள்ளே வந்த பிறகுதான் ஊதினார். ஊதிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "என்ன கண்டக்டர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று ஒருவர் கிண்டலடித்தார். வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதம். டைம் கீப்பர் கண்டபடி கத்தினார். முன்னால் டிரைவர் உள்கண்ணாடியில் அடிக்கடி இவரைத் தேடினார். பதினோரு வருடத்தில் இருவரும் கண்ணாடியில் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். உடனே இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறாள், போக வர இவருடைய வண்டிதான். வாரிக் கொட்டியது போல எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "அட போங்க, உங்களுக்குப் பைத்தியம்" என்கிற மாதிரி அவள் ஏதாவது சொல்வாள், மனசு லேசாகும் என்று காத்திருந்தார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை இரண்டு தடவை மடித்தாள்.

"போன வருஷம் என் செருப்பு ஒண்ணு அறுந்து போச்சுன்னு சொன்னேன்ல?"

"ஆமா. புதுசு வாங்கின."

"அறுந்து போகலைங்க. நீங்க ஊதினப்ப எனக்கு ஒரு கால் மேல, ஒரு கால் ரோட்டுல. வண்டி எடுத்துட்டாரு. கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டே கொஞ்ச தூரம் வந்தேன். ஒரு அம்மா இடுப்பைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டாங்க. செருப்பு அங்கேயே போயிடுச்சு."

விசில் பேயறைந்த மாதிரி அவளைப் பார்த்தார். "ஏன் சொல்லலை?"

"சொன்னா, பாத்து ஏறத் தெரியாதா உனக்குன்னு என்னையத்தான் கத்துவீங்க."

அவள் சொன்னது சரிதான். அப்படித்தான் கத்தியிருப்பார். அது நன்றாகவே தெரிந்ததால் அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். போகிறபோது அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

பரீட்சை அன்று டிப்போ வாசலில் டிரைவர் காத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை, வர வேண்டிய அவசியமே இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "கண்ணாடியப் பாரு. மனசுக்குள்ள ரெண்டு எண்ணு. எடு. எல்லா டிரைவரும் அதைத்தான் பண்றாங்க. நீ மட்டும் ஏன் உசுர விடுற?" என்றார். பிறகு, அவரே நம்பாத மாதிரி, "தைரியமா போ," என்று சேர்த்துக்கொண்டார்.

பரீட்சை அதிகாரி முன்பக்க ஒற்றை சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர். பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். விசில் வண்டியை எடுத்தார். குலுங்கவில்லை. மூலையைத் தாண்டித் திருப்பினார், ஒரு தண்ணீர் லாரி முழங்காலுக்குள் புகப் பார்த்தது, புகவில்லை. மேம்பாலத்தில் கியர் மாற்றியபோது அதிகாரி தலையை லேசாக ஆட்டியது ஓரக்கண்ணில் தெரிந்தது. தேறிவிடுவோமோ என்று ஒரு நினைப்பு வந்ததும் பழைய பயத்துக்குப் பதில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தேறிவிட்டால் நாளையிலிருந்து பின்னால் யாருமே இருக்கமாட்டார்கள்.

"அடுத்த ஸ்டாப்ல நிறுத்தி எடுங்க."

நிறுத்தினார். நிழற்குடையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தார். தகரம், நடைபாதை, அந்தக் கோடு. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நிழற்குடையில் மூன்று பேர் இருந்தார்களா, இரண்டு பேரா? இப்போது இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"எடுங்க."

கால் கிளட்சை விட மறுத்தது. ஒரு கால் மேலே, ஒரு கால் ரோட்டில், கம்பியைப் பிடித்த கை என்று அவர் பார்க்காததெல்லாம் கண்முன்னே வந்தது.

"சார், எடுங்கன்னு சொன்னேன்."

விசில் நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எழுந்துவிட்டார். "ஹலோ, எங்க போறீங்க?" என்று அதிகாரி கேட்டது முதுகில் விழுந்தது. காலி சீட்டுகளுக்கு நடுவே நடந்தார். எத்தனையோ ஆயிரம் தடவை நடந்த நடைதான், இன்றைக்கு நீண்டுகொண்டே போனது. பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

யாரும் இல்லை. கீழ்ப்படியில் கொஞ்சம் மணலும் கசங்கிய டிக்கெட் ஒன்றும் கிடந்தன. மூன்றாவது ஆள் நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் போன் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அதிகாரி அட்டையில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னத்தைப் பாத்தீங்க?"

"படியை சார்."

"வண்டி ஓட்டுறவர் சீட்டை விட்டு எழுந்திரிக்கவே கூடாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஒரு நாளைக்கு முன்னூறு ஸ்டாப். முன்னூறு தடவை போய்ப் பாப்பீங்களா?"

பார்ப்பேன் என்று சொன்னால் வேலை போய்விடும். பார்க்கமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "இன்னும் ஒரு ஸ்டாப் தரேன். இனி ஒரு தடவை எழுந்தீங்கன்னா அப்பிடியே கீழ இறங்கிடுங்க. போங்க."

விசில் வண்டியை எடுத்தார். சாலை லேசாக வளைந்து இறங்கியது. அடுத்த நிறுத்தம் தூரத்திலேயே தெரிந்தது. ஏதோ அலுவலகம் விட்ட நேரம், நல்ல கூட்டம். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பயிற்சிப் பலகையை யார் படிக்கப் போகிறார்கள்? பேருந்தைப் பார்த்ததும் கைகளை நீட்டினார்கள். நடைபாதையிலிருந்து ஒவ்வொருவராகச் சாலையில் இறங்கினார்கள். பைகளோடு, குடைகளோடு, கைக்குழந்தையோடு ஒரு பெண்.

நிறுத்தினார். அதிகாரி முன்வாசல் பக்கம் சாய்ந்து, "இது டெஸ்ட் வண்டி, யாரும் ஏறாதீங்க, ஏறாதீங்க!" என்று கத்தினார். முன்னால் நின்றவர்கள் கேட்டு முணுமுணுத்தபடி விலகினார்கள். அதிகாரி திரும்பி உட்கார்ந்தார்.

"எடுங்க."

விசில் கண்ணாடியைப் பார்த்தார். முன்வாசலில் இடமில்லை என்று நினைத்த மற்றவர்கள் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். குழந்தையோடு அந்தப் பெண்ணும் ஓடினாள். தகரத்தை ஒட்டி ஓடி, பின்கதவின் அந்தக் கோட்டுக்கு வந்ததும், ஒவ்வொருவராகக் கண்ணாடியை விட்டு மறைந்தார்கள்.