டெஸ்லியின் இரண்டாவது மச்சம்

டெஸ்லிக்கு இடக்கன்னத்தில் இருந்த மச்சம் வலக்கன்னத்திலும் வந்தது எந்த ஆண்டு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய வறட்சி முடிந்த ஆண்டு என்று என் நினைவு சொல்கிறது. ரயில் நின்றுபோன ஆண்டு என்கிறார் பக்கத்து வீட்டு மெர்வின். நாங்கள் இருவரும் அநேகமாக எதிலும் ஒத்துப்போனதில்லை. ஆனால் மச்சம் வந்தது. அளவு, நிறம், அதில் முளைத்திருந்த ஒற்றை முடி எல்லாம் அப்படியே, கண்ணாடியில் பார்த்ததுபோல எதிர்க்கன்னத்தின் அதே இடத்தில். அன்று எங்கள் ஊரான கார்னூலாவில் கம்பளி விலை சற்று இறங்கியிருந்தது. ஆகவே ஊர் முதலில் அதைத்தான் பேசியது.

டெஸ்லியின் கணவன் டாரில் நகரமன்றத்தின் சாலைப் பிரிவில் வேலை பார்த்தான். தெருவில் எங்காவது குழி விழுந்தால் போய் அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டால் வட்டம் போடுவது அவன் வேலை. குழியை மூடுவது வேறொருவர் வேலை. அந்த வேறொருவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. டாரிலின் வீட்டு வாசலுக்கு நேர் எதிரேகூட ஒரு குழி இருந்தது. வட்டம் மங்கும்போதெல்லாம் அவனே அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்துப் பொலிவாக வைத்திருந்தான். வட்டங்கள் மிக நேர்த்தியாக இருந்தன என்பதை நான் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நன்றாக வட்டம் போடுகிற கைக்கு வேறு என்னவெல்லாம் வரும் என்று அவனுக்கு ஒருநாள் தோன்றியதில்தான் எல்லாம் தொடங்கியது.

முதலில் பென்சில் ஓவியம். டாரிலுக்குக் கை வரைய வரவில்லை. விரல்கள் கேரட் கட்டு மாதிரி வந்தன. அதனால் அவன் வரைந்த எல்லோரும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். மெர்வினை அப்படி வரைந்த மறுநாள் மெர்வினால் கைகளை வெளியே எடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூவில் அவருக்குத் தொத்திறைச்சியை யாராவது ஊட்டிவிட வேண்டியிருந்தது. "டேய் டாரில், என் கைய வெளிய விடுடா, பீர் குடிக்கணும்" என்றார். "கை இன்னும் கத்துக்கல மெர்வ். அடுத்த மாசம் அந்தப் பாடம்தான்" என்றான் டாரில். அடுத்த மாதம் அவன் நிழல் பாடத்துக்குப் போய்விட்டான். கடைசியில் டெஸ்லிதான் ஒரு ரப்பரை எடுத்து, படத்தில் இருந்த பைகளை அழித்து, அந்த இடத்தில் எப்படியோ இரண்டு கைகளைப் போட்டாள். மெர்வினின் கைகள் வெளியே வந்தன. கொஞ்ச நாள் விரல் நுனியில் பென்சில் கறை இருந்தது, அவ்வளவுதான். டாரில் எதிரே உட்காரவைத்து எதைச் செய்கிறானோ அதற்கு ஏற்றபடி ஆள் மாறிவிடுவார் என்று ஊர் அப்போது புரிந்துகொண்டது. அதன்பின் அவன் பென்சிலோடு வந்தால் ஜனங்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். வேறு எதிர்ப்பு ஒன்றும் இல்லை.

அடுத்தது கட்டைவிரல் உயர உருவங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. அதைப் பொம்மை என்று சொன்னால் டாரிலுக்குக் கோபம் வரும். மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். பழைய சாரணர் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் இதற்கென்று ஒரு சங்கம் கூடியது. பல் வைத்தியர் லிண்ட்சே தலைவர். யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பூதக்கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெயிண்ட்ட இன்னும் தண்ணியா கரைச்சிருக்கணும்" என்பார். சங்கத்துக்கு ஒரே ஒரு மாறாத விதி இருந்தது. காலுக்கு அடியில் வட்டத் தட்டு வைத்து ஒட்டி, தட்டின் விளிம்புக்குக் கறுப்பு அடிக்காத உருவத்தைப் போட்டிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று விதி அல்ல, வழக்கம். வாங்கி வைத்து, தொடங்கி, முடிக்காமல் விட்ட உருவங்களை ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வெட்கக் குவியல். ஆனால் யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. யாருடையது பெரிது என்று தேநீர் இடைவேளையில் பெருமை பேசிக்கொள்வார்கள். டாரிலின் குவியல் சலவை அறையின் அலமாரியை நிறைத்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி, ஜன்னலை மறைத்தது. பாதி வண்ணம் அடித்ததையெல்லாம் அவன் படம் எடுத்து, "என் முன்னேற்றம்" என்ற தலைப்பில் இணையத்தில் போடுவான். பெல்ஜியத்தில் யாரோ ஒருவர் ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டுவார். மனைவியைவிட அந்த பெல்ஜியக்காரருக்குத் தன்னைப் புரிகிறது என்று டாரில் ஒருமுறை எங்கள் இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள வேலியருகே நின்று என்னிடம் சொன்னான்.

பிறகு அவன் கணினிக்கு வந்தான். திரையில் களிமண் மாதிரி ஒரு உருண்டை. அதை இழுத்து, அழுத்தி உருவம் செய்துவிட்டால், ரெசின் என்ற நாற்றம் பிடித்த திரவத்திலிருந்து ஓர் இயந்திரம் அதை அச்சடித்துக் கொடுக்கும். பல்லாரட்டில் நடக்கும் பெரிய போட்டிக்கு உயிருள்ள ஒருவரைப் பார்த்து உருவம் செய்துவர வேண்டும் என்றார்கள். ஊரில் உட்கார ஆள் இல்லை. டெஸ்லி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கணினியில் உருவம் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு பட்டாம்பூச்சிப் படம். அதை அழுத்திவிட்டால் ஒரு பக்கம் செய்தால் போதும். மறுபக்கத்தைக் கணினியே செய்துகொள்ளும். இடக்காதை இழுத்தால் வலக்காதும் கூடவே நீளும். பாதி வேலை ஆனதும் அதை அணைத்துவிட்டு, மனித முகத்துக்கு உரிய கோணல்களைக் கையால் செய்ய வேண்டும் என்பது அந்த வித்தையில் பாலபாடம். டாரில் அணைக்க மறந்துவிட்டான். மறந்தேன் என்பது அவன் சொன்னது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மனைவியின் மறுபாதியை நிமிர்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான் என்றார் மெர்வின். இதில் மட்டும் நான் மெர்வினோடு ஒத்துப்போகிறேன்.

உருவத்தை அப்படியே அச்சடித்து வண்ணமும் அடித்துவிட்டான். இப்படித்தான் இடப்பக்க மச்சம் வலப்பக்கமும் வந்தது. வலப்புருவத்தில் சிறுவயதில் குதிரை தள்ளியதால் வந்த தழும்பு காணாமல் போனது. சிரித்தால் வலக்கன்னத்தில் மட்டும் விழும் குழி தூர்ந்துவிட்டது. அது போகட்டும் என்று அவள் இருந்திருப்பாள். ஆனால் கைகள் இரண்டும் ஒன்றையே செய்யத் தொடங்கின. வலக்கை தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் இடக்கையும் எதையாவது தூக்கியாக வேண்டும். காரில் ஸ்டீரிங்கை இரு கைகளும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு நின்றன, அதனால் நடந்தாள். டெஸ்லிக்கு வேலை ராஸ்லினின் பேக்கரியில். கார்னூலாவின் கஸ்டர்ட் வைத்த வெனிலா ஸ்லைஸை வாங்க மெல்பர்னிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அதை ஒரு கையால் பிடித்து மறுகையால் வெட்ட வேண்டும். டெஸ்லி இரண்டு கைகளாலும் பிடித்தாள், அல்லது இரண்டு கைகளாலும் வெட்டினாள். "ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன் டெஸ்லி. அதுக்குள்ள உன் கை ரெண்டும் சண்டை போட்டுப் பிரிஞ்சிடணும். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கணும்" என்றாள் ராஸ்லின்.

டெஸ்லி சலவை அறைக்குப் போனாள். "டாரில், அந்தப் பட்டாம்பூச்சிய அணைச்சுட்டு மறுபடி செய்."

"இன்னும் முடியல டெஸ். இது வேலை நடந்துகிட்டு இருக்கற நிலை."

"என் வேலை போகப் போகுது."

"பெல்ஜியத்துக்காரர் என்ன சொல்லிருக்கார் பாரு. இவ்வளவு சமச்சீரான முகத்த அவர் பாத்ததே இல்லியாம்."

"அவரு என்னைப் பாத்திருக்காரா?"

"நல்ல பேச்சு பேசற. பார்க்கலாம், இப்போ வேற வேலை கைல இருக்கு."

கையில் இருந்த வேறு வேலை, லிண்ட்சேயின் பூதக்கண்ணாடியிலிருந்து வந்தது. பெயிண்ட்டைத் தண்ணியாகக் கரைத்திருக்கணும் என்று அவர் சொல்லிவிட்டதால் டாரில் உருவத்தை மருந்தில் ஊறவைத்து, வண்ணம் முழுக்க உரித்து, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு அடித்தான். மறுநாள் டெஸ்லி உதடு முதல் உள்ளங்கால்வரை சாம்பல் நிறமாக பேக்கரிக்குப் போனாள். சளி பிடித்திருக்கிறதா என்று இரண்டொருவர் கேட்டார்கள். அதற்குள் டாரிலுக்குப் போட்டியின் இன்னொரு பிரிவில் டிராகன் செய்யலாம் என்று யோசனை வந்தது. சாம்பல் டெஸ்லியை வெட்கக் குவியலில் வைத்துவிட்டு டிராகனைத் தொடங்கினான். ஊரில் டிராகனுக்கு ஒத்த ஆள் இல்லாததால் அதனால் யாருக்கும் எதுவும் நேரவில்லை.

டெஸ்லியின்மேல் தூசி படியத் தொடங்கியது. தோளில், புருவத்தில், செருப்பின் மேல். காலையில் குளித்துவிட்டு வந்தாலும் மதியத்துக்குள் படிந்துவிடும். அதைவிட மோசமானது, ஜனங்களின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. கடையில் அவள் முன்னால் நின்றுகொண்டே "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார்கள். ராஸ்லின் அவளுடைய வேலைக்கு ஆள் தேவை என்று ஜன்னலில் அட்டை மாட்டினாள். அதை மாட்டுவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டவள் டெஸ்லி.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை டாரில் டிராகனோடு பல்லாரட்டுக்குப் போனான். டெஸ்லி தூசியைத் தட்டிக்கொண்டு எங்கள் வேலியருகே வந்தாள். மெர்வினும் அங்கே இருந்தார்.

"என் தழும்பு எங்க இருந்துச்சு? சரியாச் சொல்லுங்க."

"புருவத்தோட கடைசில" என்றார் மெர்வின்.

"நடுவுல" என்றேன் நான்.

"கல்யாண போட்டோ இல்லையா?" என்றார் மெர்வின்.

"அதுல இடப்பக்கம் மட்டும் தெரியற மாதிரி திரும்பி நிக்கறேன். அந்தப் பக்கம்தான் அழகுன்னு அவன் சொன்னான்."

நான் கண்ணை மூடி அவளுடைய பழைய முகத்தை வரவழைக்கப் பார்த்தேன். மச்சம் வந்தது, மூக்கு வந்தது, வலப்புருவம் வரவில்லை. நாங்களும் அந்தப் பக்கத்தை நிமிர்ந்து பார்த்ததில்லைபோலும். "ரெண்டு பேரும் உருப்படமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் பட்டாம்பூச்சியை அணைத்தாள். வலக்கை மவுஸைப் பிடித்தபோது இடக்கையும் இல்லாத ஒரு மவுஸைக் காற்றில் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தது. டாரில் இத்தனை ஆண்டுகள் உரக்கப் பேசிப் பேசிக் கற்றதையெல்லாம் அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்தாள். வலப்பக்க மச்சத்தைத் தேய்த்து எடுத்தாள். கன்னக்குழியை வைத்தாள். தழும்பை மெர்வின் சொன்ன இடத்துக்கும் நான் சொன்ன இடத்துக்கும் இடையில் போட்டாள். சுருக்கங்களை ஒன்றும் செய்யவில்லை. வலிக்கிற முழங்காலை மட்டும் கொஞ்சம் வழவழப்பாக்கினாள். அச்சடித்து, கழுவி, காயவைத்து வண்ணம் அடித்தாள். சதை நிறம் அடிக்க அடிக்கத் தூசி உதிர்ந்தது. உதடு முடிந்தபோது இடக்கை தானாகத் தளர்ந்து மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டுவைத்தாள். பிறகு அந்தக் கையால் தேநீர் குடித்துக்கொண்டே மறுகையால் கண் எழுதி முடித்தாள். தட்டில் ஒட்டவில்லை. போட்டிக்கு அனுப்புகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ரெசின் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்க வேண்டாம் என்று டாரிலைச் செய்தாள். அவன் எதிரே உட்காரத் தேவைப்படவில்லை. அவனை அவள் எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்திருந்தாள். மதியத்துக்குள் தலை முதல் கால்வரை முடித்துவிட்டாள். அந்த வீட்டில் வேலைகள் முதல்முறையாக முழுசாக முடிந்தது அன்றுதான். சங்கத்து விதியை மீறக்கூடாது என்று வட்டத் தட்டில் ஒட்டி, விளிம்புக்குக் கறுப்பும் அடித்தாள்.

டாரில் பரிசில்லாமல் மாலையில் திரும்பினான். வாசலுக்கு எதிரே காரை நிறுத்தி இறங்கியவன், தான் போட்ட வெள்ளை வட்டத்துக்குள் கால் வைத்தான். அதற்குமேல் நகரவில்லை. கால்களுக்கு அடியில் கறுப்பு விளிம்பு வைத்த ஒரு தட்டு இருந்தது. அது குழிக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்திவிட்டது.

"டெஸ்! இத எடுத்து விடு!"

டெஸ்லி வாசலில் வந்து நின்றாள். பார்த்தாள். "இன்னும் முடியல டாரில். இது வேலை நடந்துகிட்டு இருக்கற நிலை."

"விளையாடாத. எவ்வளவு நேரம் நிக்கறது?"

"பார்க்கலாம். இப்போ வேற வேலை கைல இருக்கு" என்று ஒரு கையை மட்டும் ஆட்டிவிட்டு, ஜன்னல் அட்டையைக் கழற்றச் சொல்ல ராஸ்லினிடம் போனாள்.

அதன்பின் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. லிண்ட்சே சங்கத்தோடு வந்து டாரிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டின் விளிம்பைப் பாராட்டினார். முகத்தில் மட்டும் பெயிண்ட்டை இன்னும் தண்ணியாகக் கரைத்திருக்கணும் என்றார். இப்போது அவர் பல் வைத்தியத்தை விட்டுவிட்டார், சங்கத்தை விடவில்லை. மெர்வின் கைகளைப் பையில் விடுவதில்லை. ராஸ்லின் பெண்டிகோவுக்குக் குடிபோனாள்; பேக்கரி இப்போது டெஸ்லியுடையது. தழும்பு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். அவளுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. காலையில் அவள் டாரிலுக்குத் தேநீரும் நேற்று விற்காத வெனிலா ஸ்லைஸும் கொடுக்கிறாள். மழை வந்தால் தார்ப்பாய் போர்த்துகிறாள். தூசியை மட்டும் தட்டுவதில்லை. டாரில் அங்கேயே நிற்கிறான். கார்கள் அவனைச் சுற்றிப் போகின்றன. எங்கள் தெருவில் இருந்த குழி மூடப்பட்டுவிட்டது என்று நகரமன்றம் அறிவித்திருக்கிறது.