வேண்டாமென்று விட்ட எண்

மூவாயிரத்து அறுநூற்று அறுபது நிமிடங்கள். வகுத்துப் பார்த்தேன். அறுபத்தொரு மணி நேரம். இன்று வியாழன், காலை பதினொரு மணி. அப்படியானால் திங்கள் இரவு பத்து.

தடுப்பூசி மருந்து இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையை வெளியறைத் திரையில் காட்டும் நிரல் நான் எழுதியது. சென்சாரிடம் கேட்டுவரும் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களைத் திருப்பித் தரும். முதலாவது வெப்பநிலை. இரண்டாவது, அதை அளந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது. சென்சார் நின்றுபோனால் கடைசியாக அளந்த வெப்பநிலையே திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

திரைக்கு ஓர் எண் போதும் என்று நினைத்தேன். இரண்டாவது வர வேண்டிய இடத்தில் ஓர் அடிக்கோடு போட்டேன். எங்கள் வேலையில் அதற்கு 'இது வேண்டாம்' என்று பொருள். எல்லோரும் போடுகிற கோடுதான்.

தினமும் கிடங்குக்காரர்தான் குப்பிகளை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பார். இன்று அவர் தரை துடைத்துக்கொண்டிருந்ததால் நர்ஸே குளிர்பெட்டியைத் திறந்தார். குப்பிகள் வெதுவெதுப்பாக இருந்தன. பிளக் கழன்று கிடந்தது. பெட்டிக்கும் சென்சாருக்கும் அந்த ஒரே பிளக்தான். திரை நான்கு டிகிரி என்றது.

டாக்டரின் அறையில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம்.

"துடைக்கிறப்ப பிளக்க இழுத்துட்டீங்க. அதானே?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க டாக்டர். செவ்வாய்க்கிழமையே கைக்கு ஜில்லுன்னு இல்ல. திரையப் பார்த்தேன், நாலுன்னு இருந்துச்சு. சரி, நம்ம கைதான் மரத்துப்போச்சுன்னு விட்டுட்டேன்."

"வாயக் கழுவுங்கண்ணே," என்றார் நர்ஸ். "செவ்வாய், புதன் ரெண்டு நாள்ல இருபத்துமூணு குழந்தைங்களுக்குப் போட்டிருக்கேன்."

டாக்டர் அச்செடுத்த தாளைக் கிடங்குக்காரர் பக்கம் தள்ளினார். திங்களிலிருந்து நான்கு டிகிரியில் ஒரே நேர்கோடு. "மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷினுக்கு என்ன டாக்டர், அதுக்கா வேலை போகப்போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் நின்று நின்று ஓடும் பெட்டியில் வெப்பநிலை ஏறி இறங்கத்தான் செய்யும். கல்லூரி ஆய்வகத்தில் இப்படி ஒரு கோட்டைக் காட்டியிருந்தால் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் எழுதி முடித்தார். இன்று காலை, கிடங்குக்காரரின் கவனக்குறைவு. பெட்டியில் மிச்சமிருக்கும் குப்பிகளை மட்டும் அழித்தால் போதும். குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

கிடங்குக்காரர் பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்தார். "என்ன கம்ப்யூட்டரம்மா, நீயாவது ஏதாச்சும் சொல்லேன். வாயத் தெறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

எட்டு மாதமாக இதையே சொல்லிக் கேலி செய்கிறார். நான் தலையைக் குனிந்து சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

மடியில் லேப்டாப் திறந்திருந்தது. இங்கே வருவதற்கு முன்தான் அடிக்கோட்டை எடுத்துவிட்டு அந்த ஃபங்ஷனை ஓடவிட்டிருந்தேன். 4.0, 3671. அவர் பேனா மூடியைக் கழற்றும்போது 3672 ஆயிற்று.

"கையெழுத்துப் போடாதீங்கண்ணே."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்கே பிளக் போயிடுச்சு டாக்டர். அண்ணன் சொன்னதுதான் சரி. அந்த இருபத்துமூணு குழந்தைங்களையும் திரும்பக் கூப்பிடணும்." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். "அளந்து எவ்வளவு நேரமாச்சுங்கிறதும் கூடவே வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது வேண்டாம்னு தூக்கிப் போட்டது நான்தான்."