நீல வாய் முயல்கள்

ஆயுசெல்லாம் கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவர். ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டார். ஆனால் மகள் விட்டுப்போன ரெண்டு வெள்ளை முயலில் எது எது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"அப்பா, மீன் செத்தப்ப சும்மா விட்டேன். இதுங்களுக்கு ஏதாவது ஆச்சு, உங்ககூட பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஒரு புழுக்கையில் ஏதோ வெள்ளை நூலாக நெளிந்ததைப் பார்த்தார். கூண்டோடு தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"குடல்புழு. ரெண்டுக்கும் ஒரே நாள்ல மருந்து கொடுங்க. எப்பவும் ஒண்ணையொண்ணு நக்கிட்டே இருக்குங்க, ஒண்ணை விட்டா மறுபடி ஒட்டிக்கும். கூண்டைக் கழுவுங்க, புல்லைத் தரையில போடாதீங்க. ஆனா ஒரே முயலுக்கு ரெண்டு தடவை கொடுத்துடாதீங்க."

'நெளிஞ்சது ஒண்ணுகிட்ட, மருந்து ரெண்டுக்கா? யாவாரம்!' என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் மகள் முகம் கண்ணில் ஆடியது.

ஒன்றின் வாயில் மருந்தைப் பீச்சினார். அது காலைத் தரையில் ஓங்கி அடித்தது. அடையாளத்துக்குக் காதில் பேனா மையைத் தடவினார். அதற்குள் மனைவி கத்தினாள், "மாடியில தண்ணி கொட்டுது, மோட்டாரை நிறுத்துங்க!"

போய் நிறுத்திவிட்டு வந்தால், நாலு காதும் பால் வெள்ளை. ரெண்டு வாயும் நீலம்.

"எந்த முயலுக்குடி கொடுத்தேன்?"

"என்னைக் கேட்டா? நக்கும்னு அந்த டாக்டர் சொன்னாரே, காதுல என்ன இருந்தது உங்களுக்கு?"

திருடனை விசாரிக்கிற மாதிரி ரெண்டையும் முறைத்தார். கையை உள்ளே நீட்டினார். ஒன்று வந்து விரலை மோந்தது. இன்னொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

'கோபம்! அப்போ குடிச்சது நீதான்.'

மோந்ததைப் பிடித்து மருந்தைக் கொடுத்தார். கீழே விட்டதும் அதுவும் திரும்பிக்கொண்டது.

"அந்த மூலையில இருக்கறது வந்த நாள்லேர்ந்தே உங்களுக்கு முதுகைத்தானே காட்டுது?" என்றாள் மனைவி.

'அப்போ இதுக்கே ரெண்டு தடவை கொடுத்துட்டேனா?' என்று விரலை மோந்ததைக் குனிந்து பார்த்தார். போன் அடித்தது. மகள்.

"எப்படிப்பா இருக்குங்க?"

"ரெண்டும் என்கூட பேசலம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படின்னா ரெண்டும் மருந்து குடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?"