மூன்றாம் ஆள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதித் தோழி ஒருத்தி சொன்னது. சூலூர் பக்கம் ஹைட்ரஜன் எஞ்சின் சோதிக்கும் கூடமொன்றில் ஜெபராணிக்கு மூன்றாம் ஆள் வேலை கிடைத்தது. ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜனும் தனியாகச் சந்தித்தால் கைகலப்புதான். ஒரு அணு மூன்றாகும், மூன்று ஒன்பதாகும், எஞ்சின் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மூன்றாம் ஆள் இருந்தால் சூட்டை வாங்கிக்கொள்வார். அவர்கள் ஜோடியாகி அமைதியாக ஒதுங்கிவிடுவார்கள்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை எஞ்சின் பற்றக் கூடாது. அந்த வாரம் இரண்டு முறை முன்னதாகவே பற்றிவிட்டது. இன்னொரு முறை நடந்தால் ஜெபராணிக்கு வேலை இல்லை.

மூன்றாம் சோதனைக்கு அவள் சிலிண்டருக்குள் முக்காலி போட்டு அமர்ந்தாள்.

“அம்மிணி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. ஒரே ஒரு அடி அடிச்சுக்கறேன்” என்றது ஹைட்ரஜன்.

“திரும்புனா எனக்கு வேலை போயிரும்” என்று சூட்டைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

அமைதியான ஜோடிகளை வழக்கம்போல் பெஞ்சில் உட்கார வைத்தாள். பேச்சுத்துணை இருக்கட்டுமே என்று பெஞ்சுக்கு இரண்டு ஜோடி. பிஸ்டன் ஏறியது. ஒரு பெஞ்சில் இரண்டு ஜோடியும் பேசிப் பேசி ஒரே குடும்பமாகி, மிஞ்சிய ஆக்சிஜனை அனுப்பிவிட்டன. சூடு கூடியதும் குடும்பம் சரிபாதியாக உடைந்தது. பாதிகள் இரண்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பின. போன இரண்டு முறையும் இப்படித்தான் என்று அவளுக்கு உறைத்தது. அவசரமாக மற்ற ஜோடிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி மூலைக்கொரு ஜோடியாக உட்கார வைத்தாள்.

எஞ்சின் சரியான நேரத்தில் பற்றியது.

முடிந்த துப்பட்டாவோடு மேலாளர் ராக்கியண்ணனிடம் போனாள். “முன்னாடி ரெண்டு தடவையும் தப்பு என்னோடதுதான் சார். நான்தான் சேர்த்து உட்கார வச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப எஞ்சின்ல கோளாறு இல்லீங்களா?”

“இல்ல சார்.”

“கோளாறு தேடி எஞ்சினை நாலு தடவை பிரிச்சுப் போட்டேன்மா. சொன்னியே, புண்ணியமாப் போச்சு.” பணி நிரந்தர உத்தரவில் கையெழுத்திட்டார். “நாளையிலிருந்து தனித்தனி நாற்காலி போட்டுக்கலாம்.”

ஜெபராணி வெளியே வந்தாள். அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“என்ன வேலைன்னு கேட்டா என்னம்மா சொல்ல?”

“சண்டை விலக்குற வேலைன்னு சொல்லுங்க.”

“அதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?” என்றவர், “சரி, நிரந்தரம்தானே” என்று இருமுறை கேட்டுக்கொண்டார்.

பின்னர் நானே அந்தக் கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஜெபராணி விடுப்பெடுத்த நாட்களில் அவளுக்குப் பதில் நீராவி மூன்றாம் ஆளாக வந்து, தனியாகவே பத்துப் பேர் வேலையைச் செய்திருக்கிறது. அது கையெழுத்திட்ட இடங்களில் தாள் இன்னும் ஈரமாக இருந்தது.