ஏரிக்குப் போனவர்

செத்துப்போனவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று புகார் வந்தது.

எழுதியவர் செவ்வாய்க்கிழமை வண்டியில் ஐந்தாம் இருக்கையில் வந்த பயணி. "வழிகாட்டி அம்மா, 'அன்றைக்கு ஏரிக்குப் போன மனுஷன் இன்றுவரை திரும்பவில்லை' என்று தழுதழுத்த நேரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் அதே வீட்டிலிருந்து ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து பல் தேய்த்தார். பக்கத்துக் கடையில் விசாரித்தேன். அவர்தான் வீட்டுக்காரராம். எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?"

டூர் கம்பெனி ஓனர் இதை வழிகாட்டி மைக்கம்மாவுக்கு ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினார். திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"மத்த வண்டி எல்லாத்துலயும் ஆளுக்குப் பதிலா இந்த ரெக்கார்டிங்கைப் போட்டாச்சு. இது இருமாது, லீவு கேக்காது, உயிரோட இருக்கறவங்களைச் சாகடிக்காது. உங்க வண்டியை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கேன்? அந்த ஏரிக்கரைக் கதைக்காக. அதைக் கேக்கத்தான் ஜனம் வருது. நாளைக்குப் போய் என்ன ஏதுன்னு பாத்துச் சரி பண்ணுங்க. இன்னொரு புகார் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மைக்கம்மா தலையை ஆட்டினாள். ஐம்பத்து மூன்று வயதில், மூட்டுவலியோடு, புதிதாக எந்த வேலைக்குப் போக? மைக்கம்மா என்பது டிரைவர் வைத்த பெயர். அவள் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வடக்குக் கோடியில் இருக்கும் அந்த நகரத்திலிருந்து காலை எட்டு மணிக்குப் பதினான்கு பேரோடு வண்டி கிளம்பும். ஊசியிலைக் காட்டில் அரை மணி, அருவியில் முக்கால் மணி, பதினொன்று நாற்பதுக்கு ஏரிக்கரை ஊர், அதற்கப்புறம் மரம் அறுக்கும் சிற்றூரில் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வாரத்தில் ஆறு நாள், இருபத்திரண்டு வருஷம். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டி விடுவார்கள். இவளுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. ஆனால் பார்த்தது என்ன என்று கேட்டால், பயணிகளின் முகத்தைத்தான். வழிகாட்டியின் முதுகுதான் எப்போதும் அருவிப் பக்கம், ஏரிப் பக்கம். செத்தவர் வந்து பல் தேய்த்ததும் அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. வெள்ளை நுரையோடு அவர் நிற்க, புதன்கிழமையும் வியாழக்கிழமையும்கூட அவரை ஏரிக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் விழுந்தால் கணவன் கேட்பார், "தினமும் டூர் போறவளுக்கு என்ன அலுப்பு?" அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், போனில் சொல்வாள், "நீங்க கொடுத்து வச்சவங்க அண்ணி. நாங்க எல்லாம் நாலு சுவத்துக்குள்ளயே கிடக்கோம்." இருவருக்கும் பதில் சொல்லும் தெம்பு அவளிடம் இருந்ததில்லை. அவ்வளவு களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.

அந்தக் கதை பிறந்ததும் களைப்பில்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்த ஏரிக்கரை ஊரில் டயர் பஞ்சராகி வண்டி நின்றது. மாற்று டயரிலும் காற்றில்லை. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பேச வேண்டும், ஆனால் பேச அந்த ஊரில் ஒன்றுமில்லை. பத்து இருபது வீடு, ஒரு கடை, ஒரு படகுத்துறை. கண்ணில் பட்டது ஏரியைப் பார்த்த ஒரு வீடு, அதன் வாசலில் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பு. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? மைக்கம்மா மைக்கை எடுத்தாள்.

அந்த வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர். ஒரு விடியற்காலை, வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை என்று, பனிமூட்டத்தில் படகை எடுத்துக்கொண்டு போனார். "போகாதீங்க" என்று மனைவி கையைப் பிடித்தாள். "உனக்காகத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கரை தெரியாமல்தான் நிற்கிறார், வெளிச்சம் தெரிந்தால் வந்துவிடுவார் என்று அந்த அம்மா இரவும் பகலும் விளக்கை அணைப்பதில்லை.

முன்சீட்டில் இருந்தவர் கண்ணைத் துடைத்தார். பஞ்சர் ஒட்டி முடிந்தபோது கிளம்ப யாருக்கும் மனமில்லை. அதற்கப்புறம் அந்த ஊரில் தினமும் இருபது நிமிஷம் நிற்பது என்று ஆயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது ஒன்பது வருஷம் ஓடியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றும் சொல்வார்கள். ஒரே பொய்யில் ஒருத்தியின் தாலியை அறுத்தவள் இவளாகத்தான் இருக்கும். அந்த வீட்டு அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றே அவள் நம்பியிருந்தாள். எப்போதாவது கண் பட்டால் இருவரும் தலையசைப்பார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் வண்டி நின்றதும், கதையைச் சொல்லாமல், "முதல்ல படகுத்துறையைப் பாத்துட்டு வந்துடுங்க" என்று பயணிகளை அனுப்பிவிட்டு இறங்கினாள்.

டிரைவர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டிருந்தார். "எங்கக்கா?"

"செத்தவரைப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வரேன் தம்பி."

கதவைத் திறந்தவள் வீட்டுக்காரிதான். கையில் ஈரத்துணி. ஐம்பது வயது இருக்கும். மைக்கம்மாவைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"வருவீங்கன்னு தெரியும். வாங்க."

முன்னறையில் சோபாவில் ஒரு மனிதர் வீங்கிய காலை நாற்காலி மேல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தோள்பை. ஜிப்கூட முழுதாகத் திறக்கப்படவில்லை. மைக்கம்மா அவரைக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் கையை இறக்கினாள். வீட்டுக்காரி நிற்காமல் சமையலறைக்குப் போனாள். இவளும் பின்னாலேயே போனாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா," என்றாள் மைக்கம்மா. "வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு அன்னைக்கு ஒண்ணைச் சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. நாளையிலேருந்து சொல்ல மாட்டேன். இன்னைக்கே வண்டியில உண்மையைச் சொல்லிடுறேன்."

"என்ன உண்மை?"

"வீட்டுக்காரர் நல்லா இருக்காருன்னு."

"அப்ப இவ்வளவு நாளா எங்க இருந்தாருன்னு கேப்பாங்களே. அதுக்கும் பதில் சொல்லுவீங்களா?"

வீட்டுக்காரி துணியைப் பிழிந்து காயப்போட்டாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. முன்னறைக்குக் கேட்டால் கேட்கட்டும் என்பது போலப் பேசினாள்.

"மீன் பிடிக்கப் போனாருன்னு சொல்றீங்க. அந்த மனுஷனுக்குத் தண்ணின்னாலே பயம். விடியக்காலையிலன்னு வேற சொல்றீங்க. பதினோரு மணிக்கு முன்னாடி அவர் பல் தேய்ச்சு நான் பாத்ததில்ல. அவர் போனது பஸ்ல. பதினோரு வருஷம் ஆச்சு. கடைக்குப் போற மாதிரிதான் போனாரு. பத்து நாள் கழிச்சு அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான், நகரத்துல ஒருத்தி வீட்ல இருக்காருன்னு எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியாத் தெரிஞ்சவ நான். ரெண்டு வருஷம் கடைக்குப் போறதுன்னா தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவேன். 'விட்டுட்டுப் போனாரே, அந்த வீடு'ன்னுதான் இதுக்கு அடையாளம்."

"அய்யோ..."

"அப்புறம் உங்க வண்டி நின்னுது. ஜன்னல் வழியாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உனக்காகத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போனாராம்! அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். அவர் போனப்பகூட அப்படி அழல." ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த பல்பு சுவிட்ச் கெட்டுப்போய் எரிஞ்சது. மறு வாரமே சரி பண்ணியாச்சு. உங்க வண்டி வர்ற நேரத்துக்கு ஒன்பது வருஷமா நான்தான் போட்டுவிடுறேன்."

மைக்கம்மாவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. அருகிலிருந்த முக்காலியில் கேட்காமலே உட்கார்ந்தாள்.

"ஊர்க்காரங்களே மாறிட்டாங்க," என்றாள் வீட்டுக்காரி. "நெசம் தெரிஞ்சவங்கதான். ஆனா வெளியூர்க்காரங்க வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிடுறதைப் பாத்துப் பாத்து, அவங்களும் மரியாதையாப் பேச ஆரம்பிச்சாங்க. இப்ப இந்த மனுஷன் திங்கக்கிழமை வந்து நிக்கிறாரு. அவ செத்துட்டாளாம், அவ பிள்ளைங்க வெளிய அனுப்பிட்டாங்களாம். காலைப் பாத்தா போகச் சொல்ல மனசு வரல. முகத்தைப் பாத்தா இருக்கச் சொல்ல மனசு வரல. அஞ்சு நாளா சோபாவுல கிடக்காரு. நீங்க போய் உண்மையைச் சொன்னா, நாளைக்கு நான் மறுபடியும் புருஷன் விட்டுட்டுப் போனவ. வேண்டாம். அவரை ஏரியிலயே விட்டுடுங்க."

முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்து மூடியது.

மைக்கம்மா வெளியே ஓடினாள். ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தாள். பயணிகள் படகுத்துறையிலிருந்து திரும்பி வண்டியருகே கூடியிருந்தார்கள். அந்த மனிதர் காலை இழுத்து இழுத்து அவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

கம்பளித் தொப்பி போட்ட ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் முதல் சீட்டுக்காரர். வண்டியில் பாதிப் பேரைப் போல அவரும் ஏரிக்கரைக் கதையையும் இந்தப் புகாரையும் இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தார் போலும். நேராகக் கேட்டார், "மேடம், இவர்தானே அந்த வீட்டுக்காரர்? ஏரியில போயிட்டார்னு சொல்றது இவரைத்தானே?"

பதினான்கு முகமும் மைக்கம்மாவைப் பார்த்தன. இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த வாய். பஞ்சரான டயரிலிருந்து ஒரு காவியமே எடுத்த வாய். அன்றைக்கு அதில் ஒரு சொல் வரவில்லை. பொய்க்கும் தெம்பில்லை, உண்மைக்கும் தெம்பில்லை. வீட்டு வாசலில் அந்த அம்மா ஈரக்கையோடு வந்து நின்றதை அவள் பார்த்தாள். போச்சு, இவள் மானமும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் அவனோட அண்ணன்," என்றார் அந்த மனிதர்.

அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஜாடையா இருப்போம். கடைக்காரருக்கே குழப்பம் வந்துடும். திங்கக்கிழமைதான் வந்தேன். தம்பி பொண்டாட்டி தனியா இருக்காளேன்னு..."

டீச்சரின் முகம் இளகிவிட்டது. "தப்பா நினைச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க. தம்பி ரொம்ப நல்லவராமே?"

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"நல்லவன் இல்லம்மா. இந்த மாதிரி ஒருத்தியை விட்டுட்டுப் போனவன் எப்படி நல்லவனா இருப்பான்? அவ மேல ஒரு தப்பும் கிடையாது. அதை மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"அய்யோ, பனிமூட்டம் வந்தா அவர் என்ன பண்ணுவார் பாவம்," என்று டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். புதுமணத் தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் அதற்குமேல் கதை தேவைப்படவில்லை.

எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் மைக்கம்மா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். அந்த மனிதர் திரும்பி நடந்து வாசல்வரை போனார். முகத்தில் ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம், இனி கோபம் தணியும் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்காரி வழியை மறித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பதினாலு பேர் முன்னாடி உங்க வாயாலயே சொல்லிட்டீங்க," என்றாள். "அப்ப அதுதான். புருஷனோட அண்ணனுக்கு இந்த வீட்ல என்ன மரியாதையோ அது உங்களுக்கு உண்டு. சாப்பாடு போடுறேன், காலுக்கு மருந்து வாங்கித் தரேன். பின்னாடி ரூமைக் கூட்டி வைக்கிறேன், சோபாவுல கிடக்க வேண்டாம். அதுக்கு மேல எதுவும் கேக்கக் கூடாது. இன்னைக்குன்னு இல்ல, என்னைக்குமே."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தம்பி மனைவியிடம் ஒரு மூத்தவர் சொல்வதைப் போல, தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா" என்றார்.