முழங்காலில் கடந்த வாசல்

சிலுவைநாதர் சப்பரத்தை அடியிலிருந்து கழுத்தில் சுமப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் போகிறவனின் குதிகால், மெழுகு வாடை, வெளியிலிருந்து எங்களை நடத்தும் ஃபெர்மினின் குரல், அவ்வளவுதான். ஃபெர்மின் என் மனைவி நியேவெஸின் அண்ணன்.

அந்தப் பெரிய வெள்ளியன்று எனக்கு இருப்பே கொள்ளவில்லை. திங்கட்கிழமை என் மகள் அரசேலிக்கு இதய ஆபரேஷன். சிலுவைநாதர் கோவிலுக்குத் திரும்பும்வரை சப்பரத்தடியை விட்டு வெளியே வருவதில்லை என்று நேர்ந்திருந்தேன். நியேவெஸுக்கு மட்டும் தெரியும்.

ஒரு காலத்தில் ஊரை ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் வாசல் வந்தது. அந்தத் தாழ்ந்த லாட வடிவ வளைவுக்குள் சுமப்பவர்கள் எல்லோரும் முழங்காலில் நகர்ந்தால்தான் மேலே நிற்கும் சிலுவை தப்பும். என்றைக்கோ எதிரி கட்டியதற்கு வருஷாவருஷம் மண்டியிடுகிறோம், கேட்டால் பெருமை என்போம்.

மண்டியிட்டு நகரத் தொடங்கியதுமே மேலே கல்லில் மரம் உரசியது. ஃபெர்மின் நிறுத்தச் சொல்லி, மறைப்புத் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

தப்பு எங்கள் எல்லோருடையதும். ஆள் சேர்க்கும்போது நிற்கவைத்துத்தான் கழுத்து மட்டம் பார்ப்போம். மண்டியிடவைத்து எவனும் பார்ப்பதில்லை. நான் இந்த வருஷம்தான் புதிது. ஒத்திகையில் வெறும் மணல் மூட்டை, சிலுவை கிடையாது. நின்றால் பக்கத்து ஆளுக்குச் சமமாக இருப்பவன், தொடை நீளத்தால் மண்டியிட்டதும் நாலு விரல் உயர்ந்துவிட்டேன். என் மூலை தூக்கி, சிலுவை மறுபக்கம் சாய்ந்திருந்தது.

"மாப்ள, உன் கொக்குக் கால்தான். வெளிய வா."

"மாட்டேன். வேற வரிசைல போடு."

"எங்க போட்டாலும் தூக்கும். சாமி கை உடைஞ்சா ஊருக்கு யாரு பதில் சொல்றது? வா."

நேர்ச்சையைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் விட்டுவிடுவான், சாமியின் கையும் போய்விடும். துணியை விலக்கி வெளியே வந்தேன்.

கூட்டத்தின் முன்னால் நியேவெஸ் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நான் இல்லாமலே சப்பரம் நகர்ந்தது. பாழாய்ப்போன மூர்களையும் ஃபெர்மினையும் என் கால்களையும் சேர்த்துத் திட்டினேன். என் பிள்ளையை நானே கைவிட்டது போல அழுகை முட்டியது.

நியேவெஸ் குனிந்து செருப்பைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

"அழாத. நீ விட்ட எடத்துலேர்ந்து நான் வர்றேன்."

கறுப்புப் பட்டுடையோடு அப்படியே மண்டியிட்டு, சப்பரத்தின் பின்னால் அந்தக் கல்தரையில் நகரத் தொடங்கினாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. நான் பக்கத்திலேயே நடந்தேன், தொடவில்லை.

வாசலைத் தாண்டியதும் சப்பரம் எழுந்தது. இனி நின்றே நடக்கலாம் என்பதால் ஃபெர்மின் என்னைத் திரும்ப என் மூலைக்குக் கூப்பிட்டான். நியேவெஸ் என் தோளைப் பிடித்து எழுந்தாள். காலுறை கிழிந்து முட்டியில் ரத்தம்.

"போ," என்றாள். "மிச்சம் உன்னோடது."

அவள் செருப்பை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு சப்பரத்தடியில் நுழைந்தேன்.